சின்னக் குடும்ப ஒயினரியின் வெள்ளைக் கலப்பு ஒயினை (பல திராட்சை ரகங்கள் சேர்ந்தது) பரிசாகக் கொடுக்கலாமா? கலப்பு என்றாலே தொட்டியில் மிஞ்சியதுதான் என்கிறாரே நண்பர்?

தாராளமாகக் கொடுக்கலாம். இத்தோடு முடித்திருப்பேன், ஆனால் "மிஞ்சியது" என்ற வார்த்தையைப் பார்த்த பிறகு சும்மா போக மனசு வரவில்லை. நான் ஒரு குடும்ப ஒயினரியின் செல்லாரில், அதாவது ஒயின் செய்து வைக்கும் கிடங்கில், சில அறுவடைக் காலங்கள் வேலை பார்த்தவன். குழாய் இழுப்பது, பீப்பாய் கழுவுவது, காலித் தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பது என்று அடிமட்ட வேலைதான். ஒயின் நிபுணன் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எந்தப் பட்டமும் இல்லை. அந்தக் குடும்பம் யார், எந்த ஊர் என்று எழுதினால் விளம்பரம் என்று கமெண்டில் கிளம்பிவிடுவார்கள், அதனால் எழுதவில்லை. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லவும் வரவில்லை. நீங்கள் வாங்குவதாக முடிவெடுத்துவிட்டு, எதை வாங்குவது என்றுதான் கேட்கிறீர்கள்.

நண்பர் சொல்வது முழுப் பொய் என்று சாதிக்க மாட்டேன். லட்சக்கணக்கான லிட்டர் கையாளும் பெரிய இடங்களில், தனியாகப் பெயர் போட்டு விற்க முடியாத தொட்டிகளைச் சேர்த்து வெறும் "வெள்ளை ஒயின்" என்று மலிவாகத் தள்ளிவிடுவது உண்டு. ஆனால் ஒரே ரகத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட பாட்டில் மட்டும் சுத்தமா? ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 85 சதவீதம் அந்த ரகம் இருந்தால் பெயர் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் கூட்டாட்சி விதிப்படி பெரும்பாலான ரகங்களுக்கு 75 சதவீதமே போதும். அதாவது நண்பர் பெருமையாக எடுத்து வைக்கும் பாட்டில் அமெரிக்காவுடையது என்றால், சோவிஞோன் பிளாங் என்ற வெள்ளை ரகத்தின் பெயர் போட்ட அதில் கால் பங்கு வேறு எதுவோ இருந்தாலும் சட்டப்படி தப்பில்லை. நம்முடைய கலப்பு, கலப்பு என்று நெற்றியிலேயே எழுதிக்கொண்டு நிற்கிறது.

கலப்பை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒயின்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸின் போர்தோ ஒயின்களுக்கு 1855ஆம் வருடம் போட்ட தரவரிசையில் தனக்கென்று ஒரு தனிப் படியே வாங்கிய ஷாத்தோ தீகெம், செமியோன், சோவிஞோன் பிளாங் என்ற இரண்டு வெள்ளை ரகங்கள் சேர்ந்தது. ஷாம்பெயினில் முக்கால்வாசி, ரகம் மட்டுமல்ல, வருடங்களும் கலந்தவை. வியன்னாவில் கெமிஷ்டர் சாட்ஸ் என்று ஒன்று உண்டு. ஒரே தோட்டத்தில் பல ரகங்களைக் கலந்து நட்டு, ஒன்றாகப் பறித்து, ஒன்றாகவே நொதிக்க வைப்பார்கள். குறைந்தது மூன்று வெள்ளை ரகம் இருக்க வேண்டும், எந்த ரகமும் பாதியைத் தாண்டக் கூடாது என்று அதற்கு விதியே இருக்கிறது.

சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்த வீட்டில் அப்பா தோட்டத்தைப் பார்ப்பார், மகள் ஒயின் செய்வார். வெள்ளைக்கு மூன்று சரக்கு இருந்தது. ஸ்டீல் தொட்டியில் சோவிஞோன் பிளாங், பழைய பீப்பாய்களில் செமியோன், ஓரமாக இரண்டே பீப்பாய் வியோஞே. சோவிஞோனை மட்டும் குடித்தால் மூக்குக்குப் பிரமாதம், புல்லும் எலுமிச்சையுமாக ஆளைத் தூக்கும். வாய்க்குள் போனதும் நடுவில் ஆளைக் காணோம். செமியோன் நேர்மாறு. இளசாக இருக்கும்போது மணமே பெரிதாக இருக்காது, ஆனால் நாக்கில் மெழுகு தடவியதுபோல ஒரு கனம். வியோஞே அப்ரிகாட் வாசனைக்காரன், கொஞ்சம் கூடினாலும் கடைசியில் எண்ணெய்ப் பிசுக்கும் கசப்பும் விட்டுப் போவான்.

கலப்பைத் தீர்மானிப்பது அளவுக் குவளையில்தான். 100 மில்லி கண்ணாடிக் குவளை, பிப்பெட் என்ற அளந்து உறிஞ்சும் குழாய், வரிசையாக எண் ஒட்டிய டம்ளர்கள். எந்த எண்ணில் எது என்பது ஊற்றின ஆளான எனக்கு மட்டும் தெரியும், ருசிப்பவர்களுக்குத் தெரியாது. ருசித்துத் துப்பி, ஒரு தாளில் குறித்து, பிடித்த டம்ளர்களை மூடி வைத்து மறுநாள் காலையில் மறுபடி முகர்ந்து பார்ப்பார்கள். ராத்திரி ஜொலித்தது காலையில் சப்பென்று கிடப்பது சகஜம்.

மொத்தச் சரக்கு ஏறத்தாழ 7,500 லிட்டர், அதாவது 10,000 பாட்டில். ஒரு பீப்பாய் 225 லிட்டர். கணக்குப் பாருங்கள், வியோஞே ஒரு பீப்பாய் ஊற்றினால் 3 சதவீதம், இரண்டையும் ஊற்றினால் 6. அப்பாவுக்கு இரண்டையும் ஊற்றிவிட வேண்டும். தப்புச் சொல்ல முடியாது, அந்தக் கொடிகளைக் குனிந்து கத்தரித்தவர் அவர்தான். மகள் 6 சதவீத டம்ளரை முகர்ந்துவிட்டு, இது வியோஞேயின் வீடு, நம் வீடு இல்லை என்று தள்ளி வைத்துவிட்டார். 3 சதவீதத்தில் வியோஞே இருப்பதே தெரியாது. ஆனால் அதையும் எடுத்துவிட்ட டம்ளரைக் குடித்தால் ஒயின் சட்டென்று முடிந்துபோகிறது, விழுங்கின கையோடு வாய் காலி. எண்ணை மறைத்து வைத்தே அப்பாவைக் குடிக்கச் சொன்னார் மகள். அப்பா தேர்ந்தெடுத்ததும் 3 சதவீத டம்ளரைத்தான். எண்ணைத் திறந்து காட்டியபோது பத்து நிமிஷம் யாரோடும் பேசவில்லை மனுஷன்.

மிச்சமான ஒரு பீப்பாய் என்ன ஆனது? வேறொரு ஒயினரிக்கு மொத்த விலைக்குப் போனது. ஆக, மிஞ்சியது எதுவோ அது பாட்டிலுக்குள் போகவில்லை, வெளியே போனது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கலந்ததோடு வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். தனித்தனியாகக் கண்ணாடிபோல் தெளிந்திருந்த ஒயின்கள் ஒன்றாகச் சேர்ந்தால் கலங்கலாம், புரதத்தின் சேட்டை. சின்னக் குப்பியில் எடுத்து 80 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, விளக்கில் பிடித்துப் பார்ப்போம். பால் தெளித்ததுபோலத் தெரிந்தால் பெண்டோனைட் களிமண் போட்டுத் தெளிய வைக்க வேண்டும். அதையும் அளவாகப் போட வேண்டும், கூடிப்போனால் மணத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

சின்னக் குடும்பங்கள் கலப்பதற்குத் தோட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. எல்லா ரகமும் ஒரே நாளில் துளிர்ப்பதில்லை, ஒரே நாளில் பழுப்பதில்லை. 2021 ஏப்ரலில் பிரான்ஸில் உறைபனி அடித்தபோது பர்கண்டியில் முந்தித் துளிர்க்கும் ஷார்டனே, பினோ நுவாரைவிடப் பலமாக அடி வாங்கியது. ஒரே ரகத்தை நம்பியிருக்கிற சின்ன ஆளுக்கு அந்த வருடம் அவ்வளவுதான். தாத்தா நட்டுப் போன நாலு வரிசையின் அறுவடை ஒரு தொட்டியை நிரப்பாது, பாதி காலியான தொட்டியில் காற்றுப் பட்டு ஒயின் கெடும் என்பதும் உண்டு. இதைச் சொன்னால், பார்த்தாயா தேவைக்காகக் கலக்கிறார்கள் என்று ஒருவர் வருவார். ஆமாம், தேவைக்குத்தான். தேவைக்குச் செய்வதை நன்றாகவும் செய்யலாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? லேபிளில் அறுவடை வருடம் இருக்கிறதா, தங்கள் தோட்டத்துத் திராட்சையைத் தாங்களே பாட்டிலில் அடைத்ததாகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். முடிந்தால் எத்தனை சதவீதம் எது என்று எழுதிக் கேளுங்கள். அந்த வீட்டு மகளைக் கேட்டிருந்தால் வருடவாரியாக ஒப்பித்திருப்பார். மரப் பீப்பாயைப் பார்க்காத, சோவிஞோன் தூக்கலான கலப்பு என்றால் கடைசி இரண்டு மூன்று வருடச் சரக்காக வாங்குங்கள். பீப்பாயில் கிடந்த செமியோன் தூக்கல் என்றால் கொஞ்சம் வயசானதற்குப் பயப்பட வேண்டாம்.

பரிசு என்றதும் இன்னொன்று வாயில் வருகிறது. தயவுசெய்து பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலிப் பாட்டிலே 900 கிராம் வருகிற ரகம் உண்டு, அடியில் கட்டைவிரல் முழுசாகப் போகிற குழியோடு. 450 கிராம் பாட்டிலும் அதே 750 மில்லியைத்தான் பிடிக்கும். வித்தியாசம் ஒரு டஜன் பெட்டிக்கு ஐந்து கிலோவுக்கு மேல், அதைத் தூக்கி அடுக்கியது என் முதுகு. மெல்லிய பாட்டிலில் அடைத்த வருடம், ஒயினரிக்கு வந்தவர்களில் ஒருவர் ருசிகூடப் பார்க்காமல் "இது உங்கள் மலிவு ஒயினா?" என்று கேட்டார். உள்ளே இருந்தது நான் மேலே சொன்ன அதே கலப்பு. திருகு மூடியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் தனிக் கதை. 2000ஆம் வருட அறுவடைக்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் செய்பவர்கள் பலர் கூட்டாகத் திருகு மூடிக்கு மாறினார்கள். கார்க் நாற்றம் பிடித்து நல்ல ஒயின் பாழாவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன முடிவு அது. இது நீங்கள் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் எங்கே போய்ச் சொல்வது?

கொடுக்கும்போது ஒரு வார்த்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்ற வேண்டாம், கொஞ்ச நேரம் வெளியே வைத்து 10, 12 டிகிரிக்கு வந்ததும் ஊற்றட்டும். அதைவிடக் குளிர்ந்திருந்தால் வியோஞேவும் தெரியாது, செமியோனும் தெரியாது.