மலைக்காடும் தர்மபுரத்து மேட்டுக்காணியும்

வணக்கம் அண்ணை,

சிவனொளிபாத மலைக் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். எங்கள் அப்பம்மா மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்தார்கள். யுத்தம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் மேட்டுக்காணியில் வன இலாகா எல்லைக் கல் நட்டிருந்தது. கிணறு இருக்கிறது, தென்னை அடிக்கட்டைகள் இருக்கின்றன, ஆனால் அது காடாம். இந்த ஆட்களிடமா மலையையும் கொடுக்கச் சொல்கிறீர்கள்? அங்கே இருக்கிற எங்கள் சனத்துக்கும் இதுதானே நடக்கும்? வன்னியில் இருக்கிற எங்களுக்கு மலை என்ன செய்தது? இன்னொன்று, அப்பம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒருதரம் மலையைக் காட்டு என்று கேட்கிறார். எந்த மாதம் போகலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
தர்மபுரம், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியது போன்ற காணிகளை வன்னியில் நானும் பார்த்திருக்கிறேன். கிணற்றுக் கட்டு பாதி இடிந்து உள்ளே விழுந்திருக்கும், சுற்றி நாயுண்ணிப் பற்றையும் விடத்தலும் ஆளை மறைக்கிற அளவுக்கு நிற்கும், நடுவில் யாரோ ஆசையாக வைத்த ஒரு மாமரம் காட்டு மரங்களோடு போட்டி போட்டுக்கொண்டு உயர்ந்திருக்கும். இருபது வருடம் ஆளில்லாத காணி வன்னியில் அப்படித்தான் ஆகும். அதை மேலிருந்து படம் எடுத்துப் பார்க்கிறவருக்குப் பச்சைதான் தெரியும், கிணறு தெரியாது. 2001இல் வந்த 5/2001 சுற்றுநிருபம், வர்த்தமானியில் அறிவிக்கப்படாத ஏனைய அரச காடுகளையும் வனத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டது. சனம் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் எது காடு, எது கைவிட்ட கமம் என்று ஊராரைக் கேட்டுப் பிரிக்க யார் இருந்தார்கள்? 2020இல் இன்னொரு சுற்றுநிருபம் அதை நீக்கியது. உடனே சூழல் அமைப்புகள், இனி இருக்கிற காடும் போய்விடும் என்று நீதிமன்றம் போயின. அவர்கள் பயத்திலும் உண்மை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் முதிரை மரமும் பாலை மரமும் இரவோடு இரவாக லொறி ஏறுவதை நீங்களும் அறிவீர்கள்.

ஆனால் தம்பி, உங்கள் காணியில் நட்ட கல்லையும் மலைத்தலையில் நிற்கிற காட்டையும் ஒரே வழக்காகப் பார்க்காதீர்கள். உங்கள் காணியில் கேள்வி, அது யாருடையது என்பது. மலைத்தலையில் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது.

மலை எங்களுக்கு என்ன செய்தது என்று கேட்கிறீர்கள். நேர்மையாகச் சொன்னால் எங்கள் குளங்கள் மலையை நம்பியவை அல்ல. இரணைமடுவை நிறைப்பது மாரி மழையும் கனகராயன் ஆறும்தான். ஆனால் யுத்த காலத்தில் குப்பி விளக்கில் இருந்துகொண்டு 'லக்சபான மின்சாரம்' என்று பேசிக்கொண்டோமே, அந்த லக்சபான நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஆறுகளில் ஒன்று மஸ்கெலியா ஓயா, அது இறங்குவது நீங்கள் சொல்கிற அதே சிவனொளிபாதக் காட்டிலிருந்து. களனி, வளவை, இரத்தினபுரிப் பக்கக் களு கங்கை எல்லாவற்றுக்கும் அங்கே ஊற்றுக்கண் இருக்கிறது. நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கி, மகாவலியின் கிளையான அம்பன் கங்கையில் சேர்கிற களு கங்கை வேறு. அதையும், மொரகஹகந்தை என்ற இடத்தில் அம்பன் கங்கையையும் தேக்கி, வடக்கு நோக்கிக் கால்வாய் வெட்டுகிற திட்டம் நடக்கிறது. மகாவலி என்றதும் எங்களுக்கு அந்தத் திட்டத்தின் பெயரால் சிங்களக் குடியேற்றம் நடந்த மணலாறுதான் ஞாபகம் வரும், தண்ணீரோடு யார் வந்து குடியேறுவார்கள் என்ற அச்சம் இருக்கிறது, அது பேசப்படத்தான் வேண்டும். அந்த அச்சத்தால் மலைக்காட்டின் தேவை குறைந்துவிடாது.

ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கிற காடு மழையை மட்டும் வாங்குவதில்லை. மழை பெய்யாத நாளிலும் மேகம் மரத்தில் வந்து மோதும், பாசியிலும் இலையிலும் நீராகக் கோத்துச் சொட்டும். மரம் போனால் அந்த நீர் இல்லை, மேகம் மேலால் போய்விடும். 1873இலேயே ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், இலங்கையில் 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டக்கூடாது என்று ஆலோசனை சொன்னார். அதற்குள் கோப்பித் தோட்டக்காரர் மலையின் பெரும்பகுதியை மொட்டையடித்துவிட்டார்கள். மிச்சம் நின்றதில்தான் சிவனொளிபாதக் காடு 1940இல் சரணாலயமானது, ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது, நக்கிள்ஸ் 2000இல் பாதுகாப்புக் காடானது. 2010இல் யுனெஸ்கோ மூன்றையும் சேர்த்து உலக மரபுரிமை என்று அறிவித்தது. பெயர் ஒன்று, நிர்வாகம் இரண்டு திணைக்களங்களுக்கு: நக்கிள்ஸ் வனத் திணைக்களத்திடம், மற்ற இரண்டும் வனஜீவராசிகள் திணைக்களத்திடம். இதுவே ஒரு பெரிய தலையிடி.

அங்கே இருக்கிற சனத்துக்கும் இதுதானே நடக்கும் என்ற உங்கள் கேள்விக்கு நக்கிள்ஸ்தான் சரியான உதாரணம். அங்கே காட்டுக்குள் ஏலக்காய் போட்டிருந்தார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் காடு முழுசாக இருக்கும், உச்சி மரங்கள் அப்படியே நிற்கும். உள்ளே போனால் தெரியும்: கீழே இருந்த கன்று, குருத்து எல்லாம் வெட்டித் துப்புரவாக்கி, ஆளுயரத்துக்கு ஏலச்செடி. பெரிய மரம் ஒன்று விழுந்தால் அதன் இடத்துக்கு வர அடுத்த மரம் இல்லை. பறித்த காயை உலர்த்த எரித்த விறகும் அதே காட்டிலிருந்து. ஆகவே அதை நிறுத்தியது சரி, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஏலக்காயில் கூலி எடுத்த ஊர்ச்சனத்துக்கு அதற்கு ஈடாக வேறு வருமானம் என்ன என்பதும் அதே நாளில், அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தடையை எழுதும் கை அதையும் எழுதாவிட்டால், விறகுக்கும் தேனுக்கும் போகிறவன் திருடனாவான், காவல்காரன் எதிரியாவான், கடைசியில் பத்தனை என்கிற மலைப் புல்வெளியில் யாராவது தீ வைத்தால் அணைக்க ஊரிலிருந்து ஒருவர்கூட ஓடிவரமாட்டார். வறண்ட மாதங்களில் மானாப் புல்லில் பிடிக்கிற தீயை ஜீப்பில் வருகிற நாலு பேரால் அணைக்க முடியாது, பக்கத்து ஊர்தான் அணைக்க வேண்டும்.

நேபாளத்தில் இரண்டு விதமும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1976இல் ராரா ஏரியைத் தேசியப் பூங்காவாக்கி, கரையில் இருந்த ஊர்களைக் கிளப்பித் தாழ்நிலத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். மலையில் பிறந்தவர்களை வெக்கைக்கும் மலேரியாவுக்கும் கொடுத்த கதை அது, உங்கள் அப்பம்மாவிடம் வாசித்துக் காட்டினால் விளக்கம் தேவைப்படாது. பத்து வருடம் கழித்து அன்னபூர்ணாவில் 1986இல் தொடங்கியது வேறு மாதிரி. 7,629 சதுர கிலோமீற்றர், ஊர்கள் அப்படியே உள்ளே இருக்கின்றன. வெளிநாட்டு மலையேறிகளிடம் வாங்குகிற நுழைவுக் கட்டணம் அந்த இடத்துக்கே செலவாகிறது, ஊர்க்குழுக்கள் விறகையும் மேய்ச்சலையும் தாங்களே ஒழுங்குபடுத்துகின்றன. அங்கேயும் குறை இருக்கிறது, ஜீப் பாதை வந்தபிறகு நடைபாதைக் கடைகள் நொடித்தன. ஆனாலும் நான் இதன் பக்கம்தான். மலைத்தலையில் கண்டிப்பு வேண்டும், அடிவாரத்தில் ஊருக்குப் பங்கும் பேச்சும் வேண்டும். மஸ்கெலியாவில் தோட்ட லயன் வீட்டில் இருக்கிறவர் அடுப்புக்கு விறகு தேடிச் சரணாலய எல்லைக்குப் போனால், முதலில் கேட்க வேண்டியது அவருக்கு வேறு எரிபொருள் கொடுத்தீர்களா என்பதைத்தான்.

சரி, உங்கள் காணிக்கு வருவோம். கிணறு, தென்னை அடி, வேலி நின்ற இடம் எல்லாவற்றையும் திகதி விழும்படி படம் எடுத்து வையுங்கள். காணிப் பெர்மிட் எரிந்து போயிருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் பிரதி கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள், வாயால் கேட்டு வராதீர்கள். பழைய வாக்காளர் இடாப்பில் அப்பாவின் பெயர் இருக்கும், அதுவும் உதவும். கல் நட்டது வன இலாகாவா, வனஜீவராசிகளா என்று தெரிந்துகொள்ளுங்கள், சட்டமும் வேறு, மனுப் போகிற இடமும் வேறு. தேசியப் பூங்காவுக்குள் அரச காணிதான் வரலாம், சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். தனியே போகாமல் அதே வரிசையில் காணி உள்ள எல்லாரும் சேர்ந்து, கிராம சேவகரையும் வைத்து, கூட்டு அளவைக்குக் கேளுங்கள். அதற்குள் கோபத்தில் மரம் தறித்துவிடாதீர்கள், வழக்கு அப்படியே திரும்பிவிடும்.

அப்புறம் அப்பம்மா. பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை, மாசி பங்குனியில் மழை குறைவு. போயா (பௌர்ணமி) நாளும் சனி ஞாயிறும் வேண்டாம், நெரிசல் தாங்கமாட்டார். கண்டி போய், ஹட்டன், மஸ்கெலியா வழியாக, மலையேற்றம் தொடங்குகிற நல்லதண்ணிக்குப் போங்கள். ஐந்தாயிரத்துக்கு மேலே படி, அவரை ஏற்ற நினைக்காதீர்கள், நல்லதண்ணியிலிருந்தே மலை நன்றாகத் தெரியும், விடிய எழுப்பிக் காட்டுங்கள். போத்தலும் பிஸ்கட் உறையும் படியோரத்தில் குவிந்து மழையோடு ஓடைக்குப் போகிறது, அதனால் சாப்பாட்டை வாழையிலையில் கட்டுங்கள், கொண்டுபோகிற போத்தலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். அவர் கொழுந்தெடுத்த தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் கேட்டு எனக்கு எழுதுங்கள். பஸ் அந்த வழியால் போகுமா என்று மஸ்கெலியாவில் இருக்கிற நண்பரிடம் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணை