நான்கு பர்னர் அடுப்புக்கு எந்தச் சிம்னி?

தினமும் தாளிப்பும் பொரியலும் நடக்கும் அடுக்களை, நான்கு பர்னர் அடுப்பு, எந்தச் சிம்னி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டியில் மணிக்கு 1200 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். புகைக்குழாய் நீண்டு, நாலு இடத்தில் வளைந்தால் அந்த வேகம் கிடைக்காது. 6 அங்குலக் குழாய், முடிந்தவரை நேராக வெளிச்சுவருக்குப் போகட்டும். குழாயே இல்லாத, கரி வடிகட்டி வகை வாசனையைக் கொஞ்சம் பிடிக்கும். சூட்டையும் ஈரத்தையும் அறைக்குள்ளேயே திருப்பி விடும். நம் சமையலுக்கு வேண்டாம்.

அகலம் அடுப்பைவிடக் குறையக் கூடாது; உங்களுக்கு 90 செ.மீ. சரி. அடுப்பிலிருந்து சுமார் 65-75 செ.மீ. உயரத்தில் மாட்டுவார்கள். வலை வடிகட்டியில் எண்ணெய் சீக்கிரம் அடைக்கும். வளைந்த உலோகத் தகடுகளால் ஆன பேஃபிள் வகை வடிகட்டியைக் கழற்றிச் சுடுநீரில் கழுவிவிடலாம். அப்புறம், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவேண்டுமே!