பதினோரு மணிக்கு வரும் பேச்சு

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். மகளுக்குப் பதினைந்து வயது. சின்ன வயதில் மடியை விட்டு இறங்கமாட்டாள். அவள் தூங்கினால்தான் எழுத உட்கார முடியும். இப்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தாழ்ப்பாள் போடுவதில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். நேரம் இருந்தும் மனம் ஓடவில்லை. போன வாரம் ஏதோ பேச்சில், "உனக்கு உன் நாவல்தானே முக்கியம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எழுதவே இல்லை. அவள் பள்ளி முடிக்கும்வரை ஒதுக்கி வைத்துவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தோழிக்கு,

ஒதுக்கி வைக்காதீர்கள். மூன்று வருடம் கூடவே இருந்த பாத்திரங்களின் குரல் மூன்று மாதம் விட்டாலே மங்கிவிடும். அது பரவாயில்லை, மறுபடி பிடித்துவிடலாம். 'உனக்காகத்தான் விட்டேன்' என்கிற பாரம், நீங்கள் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், அந்தப் பெண்ணின் தலையில் ஏறும். அவள் அதைக் கேட்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு எழுதியவர். 1970இல் முதல் நாவல் வந்தபோது அவருக்கு வயது 39. பிள்ளைகள் எழுந்து அம்மா என்று கூப்பிடுவதற்கு முன்பு கிடைத்த விடியற்காலையில்தான் எழுதப் பழகினார். எழுதும் தாய்மார்களுக்கு நாம் சொல்லும் யோசனையெல்லாம் இந்த வகைதான், சின்னப் பிள்ளைகளை வைத்துச் சொல்வது. பதின்வயதில் கணக்கு மாறிவிடுகிறது. அந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்கிற ஹார்மோன் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்கும். நேரத்தோடு படுக்காததும் காலையில் எழ முடியாததும் சோம்பல் இல்லை, பெரும்பாலும் உடம்பு செய்கிற வேலை. ஆகவே விடியற்காலை முழுக்க உங்களுடையது. நாம் களைத்துப்போகிற இரவு பத்து, பதினோரு மணிக்குத்தான் அவர்களுக்குப் பேச்சே வரும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகனுக்கு அப்போது பதினான்கு. இரவில் எழுதிக்கொண்டிருந்தேன். கதவருகே வந்து, ஒரு காலை இன்னொரு கால்மேல் வைத்தபடி நிலையில் சாய்ந்து நின்றான். "நகவெட்டி எங்கம்மா?" என்றான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு நிமிஷம்டா" என்றேன். வாக்கியத்தை முடித்துத் திரும்பினேன், ஆளில்லை. நகவெட்டி அவன் மேஜையில்தான் கிடந்தது, மறுநாள் பார்த்தேன். அந்த வாரம் அவனுடைய நெருங்கிய நண்பன் அவனை விட்டு விலகிப்போயிருந்தான். எனக்கு அது தெரியவந்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு இரவில் எழுதுவதை விட்டேன். ஏதாவது படித்துக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ இருப்பேன். கை வேலையாக இருக்க வேண்டும், முகம் சும்மா இருக்க வேண்டும். நேருக்கு நேர் உட்கார்ந்து "சொல்லு" என்றால் அந்த வயதுக்குப் பேச்சு வராது. எழுதும்போது யாராவது வந்துவிட்டால், அடுத்து கதையில் என்ன நடக்கும் என்று அரைகுறையாக ஒரு வரி அடித்துவிட்டு எழுந்துவிடுவேன். மறுநாள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடலாம்.

காலையில் 300 வார்த்தை போதும். வாரம் ஐந்து நாள், வருடத்துக்கு ஐம்பது வாரம் என்று வைத்தால் 75,000 வார்த்தை. நாவலுக்கு அது தாராளம். அவளுடைய பரீட்சைச் சமயங்களில் புதிதாக எழுத முயலாதீர்கள், எழுதியதைத் திருத்துங்கள். முதல் வரைவு நடுவே அறுந்தால் தாங்காது, திருத்தம் தாங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மகன் தன் பயம் ஒன்றை என்னிடம் சொன்னதைக் கொஞ்சம் மாற்றி ஒரு சிறுகதையில் வைத்தேன். பெயர் இல்லை, வயது வேறு, அவனை யாருக்கும் அடையாளம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது. "அது நான் உங்கிட்ட சொன்னதும்மா. கதைக்குச் சொல்லல" என்றான். வெகுநாள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கதையைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. நல்ல கதை அது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் சேர்க்கமாட்டேன். இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். உங்கள் நாவலில் அவள் எங்காவது இருந்தால், அவள் கண்டுபிடிப்பதற்கு முன்பே நீங்களே காட்டிவிடுங்கள்.

அவள் சொன்ன அந்த வாக்கியத்துக்குப் பதில் தேடாதீர்கள். "இல்லையே, நீதான் முக்கியம்" என்றால் அதை அவள் நம்பமாட்டாள். அன்று பள்ளியில் என்ன நடந்தது, அதற்கு முன்தினம் என்ன நடந்தது என்று மெல்ல யோசித்துப் பாருங்கள். கையில் கிடைத்த கல்லை எறிந்திருக்கிறாள், அது உங்கள் நாவலாக இருந்துவிட்டது. கல் எதற்கு எடுத்தாள் என்பதுதான் தெரிய வேண்டும். இன்றிரவு வெளியே உட்கார்ந்திருங்கள். தாழ்ப்பாள் போடாத கதவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நாளைக் காலை எழுத உட்காருங்கள். எத்தனையாவது அத்தியாயத்தில் நிற்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா