சிங்கம் இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

சங்கீதம் 22:16-இல் நம் வேதாகமம் ‘என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்’ என்கிறது. யூதர்களின் மொழிபெயர்ப்பில் அங்கே ‘சிங்கத்தைப்போல’ என்று இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். இயேசுதான் மேசியா என்று காட்டுவதற்காகக் கிறிஸ்தவர்கள் மாற்றிவிட்டார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நண்பர் சொன்னாராம்! அந்தச் சங்கீதத்தை முழுதாக ஒருமுறை படித்தீர்களா? 13-லும் 21-லும்கூடச் சிங்கம் வருகிறது. 16-இல் எபிரெயத்தில் வித்தியாசம் ஒரே ஓர் எழுத்துதான். அதை யோத் என்ற எழுத்தாகப் படித்தால் சிங்கம். அதன் கோடு சற்றுக் கீழே இறங்கினால் வாவ், வினைச்சொல். யூதர்களே செய்த பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘தோண்டினார்கள்’ என்றுதான் இருக்கிறது. சிங்கம் என்று வைத்தால் வரியில் வினையே இல்லை. சரி, அது இருக்கட்டும்.

எழுத்தை மாற்றாமலே மேசியாவைக் கொண்டுவர நம் தமிழுக்குத் தெரியும். இரண்டாம் சங்கீதத்தைப் பாருங்கள்: ‘நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்.’ பெற்றவர் பிள்ளையை ‘நீர்’ என்கிறார்! எபிரெயத்தில் இருப்பது வெறும் ‘அத்தா’, மரியாதை வித்தியாசம் பார்க்காத முன்னிலைச் சொல். அரசனுக்கும் அதுதான், ஆட்டிடையனுக்கும் அதுதான். எருசலேமில் ஓர் அரசன் பட்டமேறும்போது பாடிய பாட்டு இது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தமிழில் அந்த அரசன் காணாமல் போய்விட்டான். ‘நீர்’ வந்ததுமே அங்கே கிறிஸ்து உட்கார்ந்துவிட்டார்.

ஏசாயா 45-இல் பாரசீக மன்னன் கோரேசும் கர்த்தர் அபிஷேகம் பண்ணினவன்தான். எபிரெயத்தில் இரண்டாம் சங்கீதத்தில் வரும் அதே ‘மஷியாக்’, அபிஷேகம் பெற்றவன்; மேசியா என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அவனுக்கு ‘நான் உனக்கு முன்னே போய்’. 89-ஆம் சங்கீதத்தில் தாவீதுக்கும் ‘அவன்’தான். அபிஷேகத் தைலம் ஒன்று, மரியாதை மட்டும் வேறு! ஆங்கிலக்காரன் பெரிய எழுத்துப் போட்டுச் செய்வதை நாம் ஒரு ‘ர்’ போட்டுச் செய்துவிடுகிறோம்.

பத்து வயதில் ஓய்வுநாள் பள்ளியில் இதைக் கேட்டேன். “எங்கப்பா என்னை நீர்னு கூப்பிட மாட்டாரே சார்?” காதைத் திருகினார். அப்புறம் வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். “உங்கப்பா உன்னை ‘வாரும்யா’ன்னு கூப்பிட்டா அன்னைக்கு அடிதான்” என்றாள்.

மொழிபெயர்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை. தமிழில் ‘நீ’யும் ஒரு முடிவுதான், ‘நீர்’ரும் ஒரு முடிவுதான், இரண்டுக்கும் நடுவில் நிற்க நமக்கு இடம் கிடையாது. ஆனால் முடிவெடுத்தோம் என்பதையாவது அடிக்குறிப்பில் சொல்லியிருக்கலாம். உங்கள் நண்பர் இதையல்லவா கேட்டிருக்க வேண்டும்?

இன்று இரவு இரண்டாம் சங்கீதத்தை ‘நீ’ போட்டுச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் தூங்கின பிறகு.