காலி இடத்தில் கொழுப்பு சேருமா? கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு ஏறும் எடை பற்றிச் சில கேள்விகள்

நகரி, பள்ளிப்பட்டு, சித்தூர், திருத்தணி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஆந்திராவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு ஏறக்குறைய 9 பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள் என்று 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 3 பேர்தான். அதனால் இந்த எல்லைப்பக்கத்தில் இந்தக் கேள்விகள் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நகரி, வயது 41: தறி ஓட்டுகிறேன். கட்டி இருந்ததால் ஏழு மாதம் முன்பு கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்புறம் 6 கிலோ ஏறிவிட்டது. பை இருந்த இடம் காலியாகி அங்கே கொழுப்பு நிரம்புகிறது என்கிறார் என் ஓரகத்தி. உண்மையா டாக்டர்?

உங்கள் ஓரகத்தி சொல்வதை வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் சொல்கிறார்கள். அங்கே காலி இடமே கிடையாது. சாதாரணக் கர்ப்பப்பையின் எடை 60 முதல் 80 கிராம், ஒரு சின்னக் கொய்யாக்காய் அளவு. அது போனதும் குடல் கொஞ்சம் இறங்கி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, 6 கிலோ எங்கிருந்து வந்தது? ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. 6 கிலோவை ஏழு மாதத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 220 கலோரிதான் அதிகம். ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட பாலும் இரண்டு பிஸ்கட்டும் போதும், கணக்கு முடிந்தது. ஆபரேஷன் ஆன வீட்டில் அந்தப் பாலை யார் நிறுத்தினார்கள்? முன்பு நாள் முழுக்கத் தறிக்கு முன்னால் நின்ற கால்கள் இரண்டு மாதம் கட்டிலில் இருந்தன. வேலைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பால் தொடர்ந்திருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். கட்டி இருந்தவர்களுக்கு வருடக்கணக்கில் ரத்தம் போய், சோகை பிடித்து, பசியே இருக்காது. ரத்தப்போக்கு நின்றதும் ரத்தம் ஊறும், பசி திரும்பும். அப்படி ஏறும் முதல் ஒன்றிரண்டு கிலோவுக்கு நான் யாரையும் திட்டுவதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். அதில் பி.எஸ்.ஓ. என்று மூன்று எழுத்து இருந்தால் கருக்குழாய்களோடு இரண்டு சினைப்பைகளையும், அதாவது ஓவரிகளையும், எடுத்திருக்கிறார்கள். பி.எஸ். என்று இரண்டே எழுத்து இருந்தால் குழாய்கள் மட்டும் போயிருக்கின்றன, சினைப்பை உள்ளேதான் இருக்கிறது. தங்களுக்கு எதை எடுத்தார்கள் என்றே தெரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம். சினைப்பை இருந்தால் ஹார்மோன் உடனே நிற்காது, ஆனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே நின்றுபோகலாம். தைராய்டு டெஸ்ட்டும் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். 40 வயதில் ஏறும் எடைக்குக் கர்ப்பப்பையைக் குற்றம் சொல்லித் தைராய்டைத் தவறவிட்டவர்கள் உண்டு.

பள்ளிப்பட்டு, வயது 36: இரண்டு வருடம் முன்பு கர்ப்பப்பையோடு ஓவரி இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கை கால் மெலிந்தே இருக்கிறது, வயிறு மட்டும் தள்ளுகிறது. ராத்திரியில் உடம்பு கொதித்து வியர்வையில் நனைகிறேன். ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். குண்டாகிவிடுவேன் என்று பயந்து அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.

இந்த முறை வந்ததில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்கள் கேள்விதான். மாதவிடாய் தானாக நிற்கும்போது ஹார்மோன் சில வருடங்களில் படிப்படியாகக் குறையும். உங்களுக்கு அது ஒரே ராத்திரியில் நடந்திருக்கிறது, அதுவும் 34 வயதில். சினைப்பை சுரக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் இடுப்பிலும் தொடையிலும் சேரவேண்டிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும். தசை குறையும். வியர்வையில் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். வெளியே தெரியாமல் எலும்பும் தேயும்.

மாத்திரையால் குண்டாவதில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் நீர் கோத்தது போலவும் மார்பு கனப்பது போலவும் இருக்கும், அவ்வளவுதான். உங்கள் வயதில் இரண்டு சினைப்பைகளும் போனவர்களுக்கு, மாதவிடாய் இயற்கையாக நிற்கும் வயது வரை, அதாவது 50ஐ ஒட்டி, ஹார்மோன் எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் வழக்கம். கர்ப்பப்பை இல்லாததால் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் விஷயம் வேறு. அதெல்லாம் இல்லையென்றால், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் மறுபடி போங்கள். பழைய மாத்திரையை நீங்களாக எடுத்து விழுங்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது தசையைக் காப்பாற்றுவது. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்கள், பத்து முறை, காலையும் மாலையும். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். எலும்புக்குக் கேவுரு, அதாவது கேழ்வரகு, நல்லது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் களி என்றால் எடை ஏறாது என்று நம்பி இரண்டு உருண்டை போடாதீர்கள். அரிசிக்கும் கேவுருக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை.

“எடுப்பதுதான் எடுக்கிறோம், எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்” என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க 2022ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநிலங்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்று 2023ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. உங்களுக்கு அது காலம் கடந்த செய்தி. உங்கள் தங்கைக்கோ நாத்தனாருக்கோ ஆபரேஷன் என்றால், ஓவரியை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

சித்தூர், மகள் எழுதியது: அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று பாட்டி கொடுப்பதில்லை. மூன்று வேளையும் நெய் ஊற்றிய சோறு, மிளகு ரசம். எடை 5 கிலோ கூடியிருக்கிறது, ஆனால் மாடி ஏறினால் கால் நடுங்குகிறது என்கிறார்.

பாட்டியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: சீழ் பிடிப்பது கிருமியால், பருப்பால் இல்லை. வெட்டிய சதை சேருவதற்கே புரதம்தான் வேண்டும். அம்மாவின் எடை 60 கிலோ என்றால் தினமும் 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம். ரசத்தில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கெட்டிப் பருப்பு, முட்டை, தயிர், சுண்டல், ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில் சாற்றோடு நிறுத்தாமல் கறியும். புளிச்சக்கீரை கடைந்தால் பருப்பைக் கூடவே போட்டுக் கடையச் சொல்லுங்கள், பாட்டிக்குத் தெரியவே தெரியாது. நெய் ஒரு ஸ்பூனோடு நிற்கட்டும். எடை கூடியும் கால் நடுங்குகிறது என்றால் ஏறியது கொழுப்பு, போனது தசை.

திருத்தணி, வயது 45: வைகாசியில் லேப்ராஸ்கோப் முறையில் எடுத்தார்கள். ஆடிக்கிருத்திகைக்குப் படியேறிப் பால்குடம் எடுக்கலாமா? எடையும் குறையுமே!

முருகனுக்கு அவசரம் இல்லை, உங்களுக்குத்தான். ஆறு வாரம் முடிந்து டாக்டர் சோதித்துச் சரி என்றால், 365 படியையும் நின்று நின்று ஏறலாம். குடம் இந்த வருடம் வேண்டாம். உள்தையல் முழுக்க இறுகும் முன்னால் கனம் தூக்கக் கூடாது. வீட்டில் தண்ணீர்க் குடத்துக்கும் இதே கதைதான், நிறைந்த குடம் 12 கிலோவுக்குக் குறையாது. ஏறும்போது ரத்தம் பட்டாலோ அடிவயிறு இழுத்தாலோ உட்கார்ந்துவிடுங்கள், மலைக்கு வண்டி போகும் சாலையும் இருக்கிறது. ஒரு நாள் படியேற்றத்தில் எடை குறையாது. தினமும் அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தால் குறையும்.

ஆர்.கே. பேட்டை, வயது 48: வயிற்றுக்கு பெல்ட் கட்டினால், கொள்ளு ரசம் குடித்தால் தொப்பை வற்றுமா?

வற்றாது. பெல்ட் எழுந்து நடக்கும்போதும் இருமும்போதும் வலிக்குத் துணை, அவ்வளவுதான். மாதக்கணக்கில் கட்டினால் வயிற்றுத் தசை சோம்பேறியாகிவிடும். கொள்ளு நல்ல பயறு, ரசமாக இறுத்துக் குடிப்பதைவிடச் சுண்டலாக மென்று சாப்பிடுங்கள். வயிற்று வீக்கம் சில மாதம் வந்து போகும். அதனால் மாதம் ஒரு முறை டேப்பால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது.

புத்தூர், வயது 52: எல்லோரும் ஏறுகிறது என்கிறார்கள். எனக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து மாதத்தில் 58 கிலோவிலிருந்து 52 ஆகிவிட்டது. டயட் எதுவும் இல்லை. அதிர்ஷ்டம்தானே?

இல்லை அம்மா. முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் 100க்கு 5 பங்குக்கு மேல் எடை இறங்கினால் காரணம் தேட வேண்டும். உங்களுக்கு 10 பங்கு இறங்கியிருக்கிறது. சர்க்கரையாக இருக்கலாம், தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம், காசநோயாக இருக்கலாம், மனச்சோர்வில் சாப்பாடு இறங்காமலும் போகலாம். எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பலர் வாங்கவே போவதில்லை. அதை வாங்கிக்கொண்டு, டிஸ்சார்ஜ் சம்மரியோடு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.