கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க சுருக்க ஊசி போடலாமா?

கொக்குவிலில் இருந்து 46 வயதுத் தாய் ஒருவர் கேட்கிறார்: "புருவ நடுவிலும் நெற்றியிலும் கோடுகள் விழுந்துவிட்டன. மூன்று கிழமையில் மகளின் கலியாணம். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா பொட்டொக்ஸ் போட்டு நல்ல வடிவாய் இருக்கிறா. வரும்போது எனக்கும் ஒரு குப்பி வாங்கிவாறன் என்கிறா. கொழும்பில் இருந்து மாதம் ஒருமுறை இங்குள்ள பார்லருக்கு வந்து ஊசி போடுகிற ஒருவர் இருக்கிறார். இதயத்துக்கு அஸ்பிரின் எடுக்கிறேன். போடலாமா?"

இந்தக் கலியாணத்துக்கு வேண்டாம். ஊசியே கூடாது என்று சொல்லவில்லை, நாள் போதாது.

குப்பிக்குள் இருப்பது பொட்டுலினம் நஞ்சு, ஒரு பக்டீரியா உண்டாக்குவது. மிகச் சிறிய அளவில் தசைக்குள் போட்டால், நரம்பு அந்தத் தசைக்குக் கொடுக்கும் கட்டளையைத் தடுக்கும். தசை இறுகாது, மேலே உள்ள தோலும் மடியாது. அமெரிக்காவில் 1989இல் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் அனுமதி கிடைத்த மருந்து இது. புருவ நடுக் கோட்டுக்கு 2002இல் கிடைத்தது. ஆகவே மருந்து பழையதுதான். யார், எதை, எவ்வளவு போடுகிறார் என்பதில்தான் வில்லங்கம்.

முதலில் கண்ணாடி முன் நின்று முகத்தைச் சும்மா விட்டுப் பாருங்கள். முறைக்கும்போது மட்டும் வரும் கோடு என்றால் நன்றாகக் குறையும். சும்மா இருக்கும்போதும் ஆழமாகக் கிடக்கும் கோடு ஓரளவு தணியும், முழுதாகப் போகாது. தொங்கும் கன்னம், மூக்கோரம் இருந்து வாய் வரை இறங்கும் மடிப்பு, கன்னத்து மங்கு இவற்றுக்கு இந்த ஊசி வேலை செய்யாது. மடிப்பை நிரப்பப் போடும் பில்லர் வேறு பொருள், ஆபத்தும் வேறு: இரத்தக்குழாய்க்குள் போனால் கண்பார்வையே போகலாம். இரண்டையும் ஒரே மூச்சில் விற்கிற இடத்தில் அவதானமாக இருங்கள்.

இனி நாள் கணக்கு. ஊசி போட்ட அன்று ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு நாளில் தொடங்கி, முழுப்பலன் தெரிய இரண்டு கிழமை ஆகும். பிறகு மூன்று, நான்கு மாதம் நிற்கும். பிழையும் அப்படித்தான் பிந்தி வரும். மருந்து கொஞ்சம் கீழே பரவினால் மேல் இமை தொங்கிவிடும். அது பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் தெரியவரும். அந்த நேரம் ஊசி போட்டவர் கொழும்பில் இருப்பார். நீங்கள் ஒரு கண் பாதி மூடியபடி பலகாரச் சூட்டுக்கு நிற்பீர்கள். மருந்தை வெளியே எடுக்க வழியில்லை. இமையைச் சற்றுத் தூக்கும் சொட்டு மருந்து உண்டு, மற்றபடி தானாய்ச் சரியாகும்வரை கிழமைக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டியதுதான். முதல்முறை போடுபவர் விசேஷத்துக்கு ஒன்றரை மாதம் முந்திப் போடவேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அளவு கூடினாலும் சிக்கல்: தாரை வார்க்கும் நேரம் நெற்றி அசையாமல் அழுகிற அம்மாவை வீடியோக்காரர் கிட்டவாய்ப் பிடிப்பார்.

அக்கா கொண்டுவரும் குப்பியைத் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்துப் பாவிக்கும் மருந்து இது. பொதுவாக 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும். சூட்கேசுக்குள் உடுப்போடு வந்ததற்கு யார் உத்தரவாதம்? அதைவிட மோசம் போலி. 2024இல் அமெரிக்காவில் போலி மருந்தாலும் தகுதியற்றவர்கள் போட்டதாலும் பலர் நோயாகி ஆஸ்பத்திரி வரை போனார்கள்.

குப்பியில் இருப்பது தூள். உப்புநீர் விட்டுக் கரைப்பார்கள். உங்கள் கண்முன்னே கரைக்கச் சொல்லுங்கள். எத்தனை யூனிட் போடுகிறார் என்று கேளுங்கள். "நெற்றிக்கு இவ்வளவு காசு" என்பது பதில் இல்லை. பொட்டொக்ஸில் புருவ நடுவுக்கு வழமையான அளவு 20 யூனிட், ஐந்து இடத்தில் நாலு நாலாக. இதே நஞ்சு வேறு கம்பனிப் பெயரில் வரும் டிஸ்போர்ட் என்றால் அதே இடத்துக்கு 50. இரண்டின் யூனிட்டும் ஒன்றல்ல, மாறினால் முகம் சொல்லும். மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கோபிப்பார்களோ என்று யோசிக்கவேண்டாம், கோபித்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த வைத்தியராக இருக்கவேண்டும். அவரிடம் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி: "இரண்டு கிழமைக்குப் பிறகு என்னை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்ப்பீர்களா?"

அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி போட்ட இடம் கொஞ்சம் கண்டிப்போகும், அவ்வளவுதான். இதய வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போங்கள். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் போடவே கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தள்ளிவைப்பது நல்லது. ஜென்டமைசின் போன்ற சில அன்டிபயோட்டிக் ஊசிகள் இதன் தாக்கத்தைக் கூட்டும், அதையும் சொல்லுங்கள்.

போட்ட பிறகு நாலு மணித்தியாலம் படுக்காதீர்கள். அன்று பேஷியல், எண்ணெய் வைத்து முழுகுதல், முகத்தைத் தேய்த்தல் ஒன்றும் வேண்டாம். தலையிடித்தால் பனடோல் போதும்.

விழுங்கக் கஷ்டம், பேச்சுக் குழறல், எல்லாம் இரண்டாகத் தெரிதல், மூச்சு முட்டல் இதில் எது வந்தாலும், கிழமைகள் கழித்து வந்தாலும், பார்லருக்குப் போன் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழைத்துப் பெரியாஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போனில் எடுத்த அந்தக் குப்பிப் படத்தை அங்கே காட்டுங்கள்.