‘கோ’வுக்கு ஏன் ‘வென்ட்’?

கேள்வி: ‘கோ’ என்ற ஆங்கில வினைக்கு இறந்தகாலம் ‘வென்ட்’. இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட ஒட்டவில்லையே, ஏன்?

பதில்: ஒட்டாது. ‘வென்ட்’ வேறொரு வினையின் சொத்து. ‘திரும்பு, வழிபிடித்துச் செல்’ என்ற பொருளில் ‘வெண்ட்’ என்றொரு வினை இருந்தது. (இந்தப் பதிலில் ‘ண்ட்’ என்றால் ‘டாக்டர்’ சொல்லின் முதல் ஒலி, ‘ன்ட்’ என்றால் ‘டீ’யின் ஒலி.) அனுப்புவதற்கு ‘செண்ட்–சென்ட்’, வளைப்பதற்கு ‘பெண்ட்–பென்ட்’, கடன் கொடுப்பதற்கு ‘லெண்ட்–லென்ட்’. அதே வாய்பாட்டில் வந்ததுதான் ‘வெண்ட்–வென்ட்’.

பழைய ஆங்கிலத்தில் ‘கோ’வின் இறந்தகாலம் ‘ஏஓடெ’. அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததுதான்; ஆக, ‘கோ’ அன்றைக்கே இரவல் வாங்கித்தான் காலம் தள்ளியிருக்கிறது. அந்தச் சொல் தேய்ந்து மறைய, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘வென்ட்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த ‘வெண்ட்’, ‘வெண்டட்’ என்று புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டது. ‘வெண்ட் யுவர் வே’ (உன் வழியே செல்) போன்ற தொடரில்தான் ‘வெண்ட்’டை இன்றும் பெரும்பாலும் பார்க்கலாம். ஸ்காட்லாந்து வழக்கிலோ ‘கோ’விலிருந்தே பிறந்த ‘கேட்’ என்ற இறந்தகாலம் உண்டு.

ஆங்கிலம் மட்டும் இப்படி இல்லை. பிரெஞ்சில் ‘போகிறேன்’ என்பது ‘வே’, ‘போவேன்’ என்பது ‘இரே’. இரண்டும் வெவ்வேறு லத்தீன் வேர்கள். அன்றாடம் வாயில் புழங்கும் சொற்களில்தான் இந்த ஒழுங்கின்மை நிலைக்கிறது. அரிதாக வரும் வினையென்றால் மக்கள் மறந்துவிட்டு ‘எட்’ சேர்த்துவிடுவார்கள்.

கேள்வி: பால் கெட்டுப்போனதை ‘வென்ட் பேட்’ என்கிறோம். ‘பயந்துபோனேன்’ என்பதை ‘ஐ வென்ட் ஸ்கேர்ட்’ எனலாமா?

பதில்: கூடாது. ‘ஐ காட் ஸ்கேர்ட்’. தமிழில் ‘போ’ துணைவினையாகப் பல வினைகளின் பின்னால் ஒட்டும்: அழுகிப்போ, காய்ந்துபோ, களைத்துப்போ. ஆங்கில ‘கோ’ அவ்வளவு தாராளமில்லை. கெடுதலான மாற்றங்கள் சிலவற்றுக்கு வரும்: ‘கோ பேட்’, ‘கோ பிளைண்ட்’, ‘கோ பால்ட்’, ‘கோ மேட்’. நிற மாற்றத்துக்கும் வரும்: முகம் ‘வென்ட் ரெட்’, முடி ‘வென்ட் கிரே’. ஆனால் களைப்பு, பயம், வயது, நோய் நான்கும் ‘கெட்’டோடுதான் சேரும்: ‘காட் டயர்ட்’, ‘காட் ஸ்கேர்ட்’, ‘காட் ஓல்ட்’, ‘காட் சிக்’. பணக்காரர் ஆனாலும் ‘காட் ரிச்’தான். இதற்கெல்லாம் கறாரான விதி கிடையாது. சேர்க்கையாகவே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ‘ஹேஸ் கான்’, ‘ஹேஸ் பீன்’ என்ன வித்தியாசம்? ‘டு’ எங்கே வரும்?

பதில்: ‘ஹீ ஹேஸ் கான் டு மதுரை’ என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை. ‘ஹேஸ் பீன்’ என்றால் போய்வந்துவிட்டார். எனவே டெல்லியைப் பார்த்துவிட்டு வந்து எதிரே நிற்பவர் ‘ஐ ஹேவ் கான் டு டெல்லி’ என்று சொல்ல முடியாது.

‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’, ‘அப்ராட்’ முன் ‘டு’ வேண்டாம். ‘கோ டு ஹோம்’ நம் ஊரில் அதிகம் கேட்கும் பிழை. ‘மை ஹவுஸ்’ என்றால் ‘டு’ கட்டாயம். ‘கோ ஷாப்பிங்’, ‘கோ ஸ்விம்மிங்’ என்பவற்றில் ‘ஃபார்’ நுழையாது. ‘கோ ஃபார் எ வாக்’ என்பதில் நுழையும், ஏனெனில் அங்கே ‘வாக்’ பெயர்ச்சொல்.

கேள்வி: அலுவலகத்தில் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்றால் சிரிக்கிறார்கள். தவறா?

பதில்: இலக்கணத்தில் குற்றமில்லை, வழக்கில்தான் இல்லை. ‘போறேன்’ என்பதை அபசகுனமாக நினைத்து ‘போயிட்டு வரேன்’ என்போம். ஆங்கிலத்தில் அந்தக் கூச்சம் கிடையாது. ஐந்து நிமிடத்தில் திரும்புவதானால் ‘ஐ வில் பி ரைட் பேக்’. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ‘ஐ ஆம் ஆஃப், சீ யூ டுமாரோ’.